கந்தப்பளைப் பக்கம் 12 × 30 அடி மேடையில் மலிவான பொலித்தீன் கூடாரம்: மரமா, பிவிசி பைப்பா?

கந்தப்பளைவாசி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். வீட்டுக்குப் பின்னால 12 அடி அகலம், 30 அடி நீளத்துல ஒரு மேடை இருக்கு. நீளப்பக்கம் சரிவுக்குக் குறுக்கா ஓடுது. மேல்பக்கம் 4 அடி மண் அணை, கீழ்ப்பக்கம் இறக்கம். இடம் நுவரெலியாவுக்குப் பக்கத்துல, உயரம் 6000 அடிக்கு மேல. கோவா, லீக்ஸ், கரட் வெளியிலயே நல்லா வருது. தக்காளி, கறிமிளகாய், சலாது, அதோட நாத்துப் போட ஒரு மூலை, இதுக்கு மட்டும் ஒரு கிரீன்ஹவுஸ் போடணும். ஆள் வச்சுப் போடுற இரும்புக் கூடாரம் கைக்கு எட்டாது. நானே செய்யணும்.

கேட்க வேண்டியது இதுதான். பிவிசி பைப்பை வளைச்சு நிலத்துல ஊணினா போதுமா, இல்ல மரத்தூண் வேணுமா? ஹாட்வெயார்ல கிடைக்கிற சாதாரண பொலித்தீன் தாங்குமா? ஆனி, ஆடி மாசக் காத்துக்கு என்ன பிடிமானம் போடணும்? தை மாச உறைபனியில இருந்து இது செடியைக் காப்பாத்துமா? அளவு, எண்ணிக்கையோட சொன்னா சாமான் லிஸ்ட் போட வசதியா இருக்கும்.

---

கான்வெட்டு எழுதியது:

முதல்ல ஒண்ணு. நம்ம மலையில இந்தக் கூடாரம் சூடாக்குறதுக்கு இல்ல, மழையைத் தடுக்குறதுக்கு. வைகாசியில இருந்து புரட்டாசி வரைக்கும் தக்காளி போறது குளிரால மட்டும் இல்ல, இலை மணிக்கணக்கா நனைஞ்சே கிடக்குறதால. பின்வெளிறல்ங்கிற இலை கருகுற நோய்க்கு ஈர இலையும் குளிர்ந்த காத்தும் இருந்தாப் போதும். அதனால கூரை நல்லா இருக்கணும், பக்கமெல்லாம் திறந்திருக்கணும். நாலு பக்கமும் இறுக்கி மூடின கூடாரத்துல உள்ளுக்கே ஈரம் கோத்து, கூரையில இருந்து சொட்டுச் சொட்டா இலையில விழும். வெளிய வச்ச செடியை விட அது மோசம்.

பைப்பை நேரா நிலத்துல ஊணுற முறை நாத்துக்கும் சலாதுக்கும் சரி. நம்ம ஊர் பிவிசி பைப் ஒண்ணு 4 மீற்றர், அதாவது 13 அடி. அதை 6 அடி அகலத்துக்கு வளைச்சா நடுவில 5 அடிதான் உயரம் வரும். குனிஞ்சு வேலை செய்யணும், தக்காளிக்கு இடமே இல்ல. ரெண்டு பைப்பை ஒட்டி அகலமாக்கினா அந்த மூட்டுலதான் காத்துக்கு மடங்கும்.

உங்க இடத்துக்கு மரத்தூண், அதுக்கு மேல பைப் வளைவு, இந்தக் கலப்பு முறைதான் சரி. அகலத்தை 12 அடி வைக்காம 11 அடி வைங்க. மிச்ச 1 அடி அணைப் பக்கம் தண்ணி ஓடுற கானுக்கு வேணும். 11 அடிக்கு ஒரு முழு பைப்பை வெட்டாம, ஒட்டாம வளைச்சா நடு உயரம் கிட்டத்தட்ட 3 அடி வரும். 12 அடியில அதே பைப் ரெண்டேகால் அடிதான் எழும்பும். உச்சி தட்டையாகி அங்க தண்ணி தேங்கும்.

தூண் 8 அடி நீளம், 4 அங்குல உருட்டு. 2 அடி நிலத்துக்குள்ள, 6 அடி மேல. 5 அடிக்கு ஒண்ணா ஒரு பக்கம் 7, ரெண்டு பக்கமும் 14. யூக்கலிப்டஸ் நல்லது, சவுக்கும் பரவாயில்ல. தோட்டத்து மரத்தைக் கேக்காம வெட்டாதீங்க, மரக்காலையில வாங்கிடுங்க. பட்டையை உரிச்சு காயவச்சு, நிலமட்டத்துக்கு மேல 6 அங்குலம், கீழ 1 அடி தார் பூசுங்க. மரம் உக்குறது அடி நுனியில இல்ல, மண்ணும் காத்தும் சேருற அந்த இடத்துல. பழைய எஞ்சின் ஓயில் பூசுறவங்க இருக்காங்க, மரக்கறி பாத்திக்குப் பக்கத்துல அது வேண்டாம்.

தூண் தலையில நீளத்துக்கு 2 × 3 அங்குலச் சட்டம் ஓடணும், பக்கத்துக்கு 30 அடி. அந்தச் சட்டத்துல ரெண்டரை அடிக்கு ஒரு ஓட்டை போட்டு 10 மில்லிமீற்றர் கம்பித் துண்டை அடிச்சிறக்குங்க. தூணுக்கு நேரா வர்ற இடத்துல கம்பி 2 அடி நீளம் இருக்கட்டும், சட்டத்தைத் துளைச்சு தூணுக்குள்ள போகணும். மேல 1 அடி நீட்டிட்டு நிக்கணும். அந்த நீட்டினதை உள்பக்கமா கொஞ்சம் சாய்ச்சு வளைச்சிடுங்க, நேரா நின்னா பைப்போட வாய் அந்த இடத்துல வெடிக்கும். அதுல பைப்பைச் சொருகுறதுதான் வளைவு. 30 அடிக்கு 13 வளைவு. உச்சியில உள்பக்கமா நீளத்துக்கு ஒரு பைப் கட்டணும், அதுக்கு 3. ஆக 16 பைப், 32 மில்லிமீற்றர். 25 மில்லிமீற்றர் விலை குறைவுதான், ஆனா கந்தப்பளைக் காத்துக்கு அது ஆடும்.

நாலு மூலையிலயும் தூணோட தலையில இருந்து அடுத்த தூணோட அடிக்கு ஒரு குறுக்குக் கட்டை கட்டாயம். இதை விட்டா மொத்தக் கூடும் ஒரு பக்கமா சாயும்.

---

ஹப்புத்தளைக் காத்து எழுதியது:

மேல சொன்ன அமைப்பு சரி. காத்தைப் பத்தி நான் சேர்க்கிறேன், பெரும்பாலான கூடாரம் போறது மழையால இல்ல.

காத்து கூரையைத் தள்ளுறதை விடத் தூக்குறதுதான் அதிகம். காத்து வர்ற பக்கம் திறந்து, மறுபக்கம் மூடியிருந்தா உள்ள போன காத்து வெளிய போக வழியில்லாம கூரையை மேல அமுக்கும், வெளியில இருந்தும் அதே நேரத்துல உறிஞ்சும். அதனால பலமா அடிக்கும்போது காத்து வர்ற பக்கத்துத் திரையை இறக்கி, மறுபக்கத்தைத் திறந்தே விடுங்க. நிறையப் பேர் செய்றது இதுக்கு நேர்மாறு.

தூக்குறதைத் தடுக்க தூணோட அடியில பாரம் வேணும். 14 குழிக்கும் கொங்கிரீட் போட அவசியம் இல்ல. நாலு மூலைக்கும், நடுவில உள்ள ஒரு சோடிக்கும் போட்டா போதும். குழி 1 அடிச் சதுரம், 2 அடி ஆழம். அடியில ஒரு கை சல்லி போட்டு தூணை அதுமேல நிறுத்தி, 1:3:6 கலவை (சீமெந்து, மணல், சல்லி) ஊத்துங்க. 6 குழிக்கு ஒன்றரை மூட்டை சீமெந்து போகும், ரெண்டு வாங்கினா கையில மிஞ்சும். மேல்வாயைத் தூணைச் சுத்தி வெளிப்பக்கம் சரிவா பூசுங்க, தட்டையா விட்டா தூணைச் சுத்தித் தண்ணி நிக்கும். மத்த 8 குழிக்கும் கல்லும் மண்ணும் மாத்தி மாத்திப் போட்டு அலவாங்கால இறுக்கிடுங்க. ஒவ்வொரு அரை அடிக்கும் இடிக்கணும், நிரப்பினதுக்கு அப்புறம் மேல மட்டும் மிதிச்சா பிடிக்காது.

கூரைக்கு மேல, ரெண்டு வளைவுக்கு நடுவில, இந்தப் பக்கச் சட்டத்துல இருந்து அந்தப் பக்கச் சட்டத்துக்கு நைலோன் கயிறு குறுக்கும் மறுக்குமா போடுங்க. பொலித்தீன் படபடன்னு அடிக்கிற வரைக்கும் அதோட ஆயுசு குறைஞ்சுட்டே போகும். அடிக்கிற சத்தம் கேட்டா அன்னைக்கே கயிறை இறுக்குங்க.

காத்துத் தடுப்புக்கு தகரமோ சுவரோ வைக்காதீங்க. காத்து அதுக்கு மேல ஏறி மறுபக்கம் சுழண்டு விழும். பாதி காத்தை விடுற நெற் ஒண்ணு, கூடாரத்துல இருந்து 10 அடி தள்ளி, 6 அடி உயரத்துல போதும். இடம் இல்லாட்டி இறக்கத்துல கௌதமாலாப் புல் வரிசை போட்டு விடுங்க, மண்ணையும் பிடிச்சுக்கும்.

---

பொலித்தீன் பக்கம் எழுதியது:

ஹாட்வெயார்ல கொங்கிரீட் வேலைக்கு விக்கிற சாதாரண பொலித்தீனை வாங்காதீங்க. வெயில் பட்டு சில மாசத்துலயே விரல் வச்சா நொறுங்குற மாதிரி ஆகிடும். 6000 அடியில வெயில் அடிக்கிற நேரம் யூவி கதிர் கீழ்நாட்டை விட அதிகம். கேட்க வேண்டியது 200 மைக்ரோன், யூவி சேர்த்த கிரீன்ஹவுஸ் பொலித்தீன். கேஜ் கணக்குல சொன்னா 800. நல்லா போட்டா 3 வருஷம் எதிர்பார்க்கலாம். இந்த வேலையில காசைக் கூட்டிச் செலவழிக்க வேண்டிய ஒரே இடம் இதுதான், மத்த எல்லாத்துலயும் குறைக்கலாம்.

அளவு: வளைவு 13 அடி, ரெண்டு பக்கமும் 1 அடி தொங்கல், ரீப்பையில சுத்த இன்னும் கொஞ்சம். 16 அடி அகலம் வேணும். நீளம் 34 அடி, ரெண்டு முனையிலயும் 2 அடி மடிக்க. சொட்டுத் தடுக்கிற பூச்சு உள்ளது கிடைச்சா அதை எடுங்க, எந்தப் பக்கம் உள்ள வரணும்னு விளிம்புல அச்சடிச்சிருக்கும். மாத்திப் போட்டா அந்தப் பூச்சால ஒரு பிரயோசனமும் இல்ல.

இப்ப பிவிசி பத்தி, யாரும் சொல்லாத விஷயம். பிவிசி பைப்புல இருந்து வர்ற குளோரின் சேர்மானம் பொலித்தீன்ல உள்ள யூவி மருந்தைச் சாப்பிடும். அதோட வெயில்ல பைப் சூடாகும். அதனால பொலித்தீன் கிழியுறது எப்பவும் வளைவு படுற கோட்டுலதான். பைப்பை மாட்டுறதுக்கு முன்னாடி தண்ணி கலக்குற வெள்ளைப் பெயின்ட் ரெண்டு பூச்சு பூசுங்க, இல்லாட்டி வெளிப்பக்கம் பழைய பொலித்தீன் நாடா சுத்துங்க. கந்தக மருந்தும் அதே மாதிரிதான், மேன்கோசெப்லயும் கந்தகம் இருக்கு. அடிக்கும்போது செடிக்கு அடிங்க, கூரைக்கு அடிக்காதீங்க.

போடுற நாள் காத்து இல்லாத, வெயில் உள்ள நாளா இருக்கணும், காலை 10 மணிக்கு மேல. சூட்டுல பொலித்தீன் இளகி நீளும், அப்ப இழுத்துக் கட்டினா குளிரும்போது தானா இறுகும். விடியக்காலையில கட்டினா மத்தியானம் தொய்யும். தொய்ஞ்ச இடத்துல தண்ணி தேங்கும். 1 சதுர மீற்றர்ல 1 சென்ரிமீற்றர் தண்ணி நின்னாலே 10 கிலோ, அது இன்னும் தொய்ய வச்சு இன்னும் தண்ணியைச் சேர்க்கும். ராத்திரியில வளைவே மடங்கிடும்.

பொலித்தீனுக்கு மேல நேரா ஆணி அடிக்காதீங்க. 1 × 2 அங்குல ரீப்பையில விளிம்பை ரெண்டு சுத்துச் சுத்தி, அந்த ரீப்பையைச் சட்டத்தோட வெளிப்பக்கம் ஸ்க்ரூ போட்டு இறுக்குங்க. ரீப்பையோட கூர் விளிம்பை முதல்ல சீவி விடணும். ஒரு பக்கம் முழுசா முடிச்சிட்டு மறுபக்கம் போங்க. நடுவில இருந்து தொடங்கி ரெண்டு முனைக்கும் போகணும், முனையில இருந்து வந்தா சுருக்கம் நடுவில சேரும்.

---

கந்தப்பளைவாசி எழுதியது:

அண்ணன்மாருக்கு ரொம்ப நன்றி. பைப்புக்கு பெயின்ட் பூசணும்னு எந்தக் கடையிலயும் சொல்லல. இன்னும் மூணு சந்தேகம். பக்கத்துக்கு என்ன போடுறது, பூச்சி நெற்றா பொலித்தீனா? இது பழைய தேயிலை நிலம், மண் என்ன செய்யணும், பையில வளர்க்கிறது நல்லதா? கூரைத் தண்ணி எல்லாம் கீழ இறக்கத்துலதான் விழும், அங்க மண் போயிடுமோன்னு பயம்.

---

கான்வெட்டு எழுதியது:

பயம் நியாயம்தான், தண்ணியை முதல்ல முடிச்சிடுவோம். உங்க கூரை 11 × 30 அடி, கிட்டத்தட்ட 30 சதுர மீற்றர். 10 மில்லிமீற்றர் மழைக்கே 300 லீற்றர். ஒரே நாள்ல 100 மில்லிமீற்றர் பெஞ்சா 3000 லீற்றர், அதுல பாதி இறக்கத்தோட விளிம்புல ஒரே கோட்டுல விழும். ஒரு பருவத்துல கீழ்ப்பக்கத் தூணோட அடி வெளிய தெரியும்.

4 அங்குல பிவிசி பைப்பை நீளத்துக்கு ரெண்டா அறுத்தா ரெண்டு பீலி. கீழ்ப்பக்கத்துக்கு அவசியம் போடுங்க, 30 அடிக்கு 3 அங்குலம் சரிவு. அதை 200 லீற்றர் பெரல் ரெண்டுக்கு விடுங்க. நிரம்பி வழியுறதுக்கு ஒரு பைப் போட்டு கல் பாவின கானுக்குக் கொண்டு போகணும், வெறும் மண்ணுல விடக்கூடாது. பெரலோட வாயை நுளம்பு நெற்றால மூடுங்க.

அணைப் பக்கம் அடியில 1 அடி அகலம், 1 அடி ஆழம் கான். அந்த அணையை இடம் போதலன்னு உள்ளுக்கு வெட்டாதீங்க. செங்குத்தா வெட்டின மண் மழையில இறங்கும், அது விழுறது உங்க கூடாரத்துக்கு மேல, அடுத்தது வீடு. அணையில வெடிப்பு தெரிஞ்சாலோ, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உங்க பிரதேசத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை விட்டாலோ கூடாரத்தைப் பாக்கப் போகாதீங்க.

பக்கத்துக்கு: நிலத்துல இருந்து ஒன்றரை அடிக்கு பொலித்தீன் பாவாடை. மழைத்துளி தெறிச்சு மண் இலைக்கு ஏறுறதை அது தடுக்கும், கீழ்விளிம்பை மண்ணுல அரை அடி புதைங்க. அதுக்கு மேல சட்டம் வரைக்கும் நெற். காத்து வர்ற பக்கம் மட்டும் நெற்றுக்கு வெளிய ஒரு சுருட்டுத் திரை, அடியில ஒரு பைப்பைக் கட்டினா சுருட்ட லேசு. ரெண்டு முனையிலயும் வளைவுக்குக் கீழ உள்ள அரைவட்டத்தை நெற்றால மட்டும் மூடுங்க. சூடும் ஈரமும் வெளியேறுறது அந்த வழியாத்தான்.

---

வெலிமடைப் பக்கம் எழுதியது:

நெற் விஷயத்துல ஒரு எச்சரிக்கை. கண்ணி சின்னதா ஆக ஆக காத்து குறையும். வெள்ளை ஈக்கு 40 மெஷ் (ஒரு அங்குலத்துக்கு 40 கண்ணி), பனிப்பூச்சிக்கு 50 மெஷ்னு கடையில சொல்வாங்க. எங்க ஊவாப் பக்கம், ஆடியில கச்சான் காத்து அடிச்சு காய்ஞ்சு கிடக்கிற காலத்துல அந்தப் பூச்சிகள் வந்து வைரஸ் பரப்பும், அதனால 40 தேவை. கந்தப்பளையில உங்களுக்கு எதிரி ஈரம். கறிமிளகாய்க்கு பனிப்பூச்சி பிடிக்கிற வரைக்கும் சாதாரண பெரிய கண்ணி நெற்றே போதும். பறவை, குரங்கு, கோவா வண்ணாத்தி இதுகளைத் தடுக்கும், காத்தும் போகும். குரங்கு தொல்லை உள்ள இடத்துல கூரைக்கு மேல எந்த மரக்கிளையும் நீட்டாம பாத்துக்கோங்க. குதிச்சா ஒரே ஓட்டைதான்.

இதைப் படிக்கிற பண்டாரவளை, வெலிமடைக்காரங்களுக்கு ஒரு சொல். இந்த 6 அடிப் பக்க உயரம் நம்மளுக்குப் போதாது. 8 அடியாவது வைங்க, மாசி, பங்குனி வெயிலுக்கு 30 சதவீத நிழல் நெற் மத்தியானத்துக்கு இழுத்து விடுற மாதிரி வைங்க. 32 பாகைக்கு மேல போனா தக்காளிப் பூ காய் பிடிக்காம உதிரும். மழையும் நம்மளுக்கு ஐப்பசியில இருந்து தை வரைக்கும், கூரை அதுக்கு முன்னாடி தயாரா இருக்கணும்.

---

மானாப்புல் எழுதியது:

மண்ணுக்கு வருகிறேன்.

பழைய தேயிலை நிலத்தின் பிஎச் (புளிப்பு அளவு, எண் குறைந்தால் புளிப்பு கூட) பெரும்பாலும் 4.5 முதல் 5.5 வரை. தக்காளிக்கும் கறிமிளகாய்க்கும் 6 முதல் 6.5 வேண்டும். முதலில் மண்ணைப் பரிசோதியுங்கள். கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைப் பிடித்தால் வழி சொல்வார், 1920 என்ற விவசாயத் திணைக்கள இலக்கத்துக்கும் பேசலாம். பரிசோதனை முடிவு வரும்வரை பொதுவான அளவு, சதுர மீற்றருக்கு 200 கிராம் டொலமைட், அதாவது புளிப்பைக் குறைக்கும் சுண்ணாம்புத் தூள். உங்கள் 30 சதுர மீற்றருக்கு 6 கிலோ. நடுவதற்கு 3 அல்லது 4 வாரம் முன்பே தூவி, மம்பட்டியால் அரை அடி ஆழத்துக்குக் கொத்திக் கலந்து, ஈரமாக வைத்திருக்க வேண்டும். டொலமைட்டையும் யூரியாவையும் ஒரே நாளில் போடாதீர்கள், நைதரசன் அமோனியாவாகப் பறந்துவிடும்.

கோழி எரு போடுவதானால் நன்றாக உக்கியது மட்டும். திறந்த வெளியில் பாதி உக்கியதைப் போட்டுத் தப்பிக்கலாம். கூரைக்குக் கீழே அதிலிருந்து வரும் அமோனியா இலை விளிம்பைக் கருக்கிவிடும், அதை நோய் என்று நினைத்து மருந்தடிப்பவர்கள் உண்டு.

பையா, நிலமா என்பதற்கு மண்ணின் வரலாறு பதில் சொல்லும். அந்த மேடையில் முன்பு உருளைக்கிழங்கோ தக்காளியோ வாடிச் செத்திருந்தால் பற்றீரியா வாடல் மண்ணில் இருக்கலாம். சோதிப்பது எளிது. வாடின செடியின் அடித்தண்டில் 2 அங்குலத் துண்டை வெட்டி, கண்ணாடிக் கிளாசில் தெளிந்த தண்ணீரில் வெட்டுமுகம் மட்டும் நனையும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால் போன்ற வெள்ளை இழை கீழே இறங்கினால் அதுதான். அந்த மண்ணில் தக்காளி, கறிமிளகாய், கத்தரி, உருளைக்கிழங்கு எதையும் நடவேண்டாம். எந்த மருந்தும் அதைச் சுத்தமாக்காது. அப்போது பை கட்டாயம்.

பைக்கு, செடிக்கு 10 லீற்றர் தும்புத்தூள். புதுத் தும்புத்தூளில் உப்பு இருக்கும். ஓர் இரவு ஊறவைத்து வடித்து, திரும்ப ஊறவையுங்கள், மூன்று தடவை. முதல் தண்ணீர் கறுத்த சாயத்தண்ணி போல வரும், மூன்றாவது வெளிறி வரும்போது சரி. பையின் ஓட்டை அடியில் வேண்டாம், பக்கத்தில், அடியிலிருந்து 1 அங்குலம் மேலே. தும்புத்தூளில் சத்து எதுவும் இல்லை, ஆகவே அல்பர்ட் கரைசல் என்ற கரையும் உரத்தைப் பொட்டலத்தில் சொன்ன அளவில் தொடர்ந்து கொடுக்க வேண்டும். இது மாதாமாதம் ஆகும் செலவு. மண் நோயில்லாமல் இருந்தால் பைக்குப் போகாதீர்கள், மலிவு என்று தொடங்கிய வேலை மலிவாக இருக்காது.

பாத்தி: 11 அடிக்குள் இரண்டரை அடிப் பாத்தி 3, ஒன்றரை அடி நடைபாதை 2. பாத்தியை அரை அடி உயர்த்துங்கள். உயரமான செடி நடுப்பாத்தியில், சலாதும் நாற்றும் ஓரத்தில். ஓரத்தில் தக்காளியை ஏற்றினால் அது சுவர் மாதிரி நின்று உள்ளே வரும் காற்றை மறிக்கும். நடுப்பாத்தியில் இரண்டு வரிசை, செடிக்குச் செடி ஒன்றரை அடி, 36 செடி பிடிக்கும். ஒரே தண்டாக விட்டு, கக்கத்துத் துளிரை வாரம் ஒருமுறை கிள்ளி, உச்சிப் பைப்பிலிருந்து இறக்கிய கயிற்றில் சுற்றிவிடுங்கள். காய் கனம் ஏறினால் பைப் தொய்யும், அதனால் 10 அடிக்கு ஒரு முட்டுக்கால் கொடுங்கள். அடிக்கொத்துக்குக் கீழே உள்ள இலைகளை எடுத்துவிட வேண்டும், நரைப் பூஞ்சணம் தொடங்குவது அங்கேதான்.

தண்ணீர் காலையில் மட்டும், வேரடியில் மட்டும். பெரலை 3 அடி உயரத்தில் வைத்துச் சொட்டுக்குழாய் இணைத்தால் அழுத்தம் போதும், வாயில் ஒரு வடிகட்டி வேண்டும். காய்க்கும் தக்காளிக்கு நம் குளிரில் நாளுக்கு 1 லீற்றர் அளவு. இரண்டு நாள் மறந்துவிட்டு மூன்றாம் நாள் ஊற்றினால் காயின் அடி கறுத்து அமுங்கும். மண்ணில் கல்சியம் இருந்தாலும் ஒழுங்கில்லாத தண்ணீரால் அது காய்க்குப் போய்ச் சேராததே காரணம்.

இன்னொன்று, கூரை போட்ட நிலத்தை மழை கழுவாது. போட்ட உரத்தின் மிச்சம் மேலே உப்பாக ஏறி, பாத்தி விளிம்பில் வெள்ளைப் படிவு தெரியும். ஒரு போகம் முடிந்ததும் பெரலில் சேர்ந்த மழைத்தண்ணீரால் பாத்தியை நன்றாக ஊறவிட்டு வடியுங்கள். 3 வருடத்தில் பொலித்தீனை மாற்றும்போது ஒரு மழைக்காலம் திறந்து போட்டால் இன்னும் நல்லது.

---

கந்தப்பளைவாசி எழுதியது:

மண் கொத்தும் வேலையை இந்தக் கிழமையே தொடங்குறேன். உறைபனிக்கு மட்டும் பதில் வரல. திரையை இறக்கினா போதுமா?

---

பொலித்தீன் பக்கம் எழுதியது:

போதாது. ஒத்தைப் பொலித்தீன் அந்த ராத்திரியில 1, 2 பாகைதான் காக்கும், சில நேரம் அதுவும் இல்ல. உறைபனி விழுறது மேகமே இல்லாத, காத்தும் இல்லாத ராத்திரியில. மண்ணும் இலையும் தங்களோட சூட்டை வானத்துக்கு விடும், பொலித்தீன் அந்தக் கதிரைத் தடுக்காம வெளிய விட்டுடும். நாள் பூரா சேர்த்த சூட்டை உள்ளயே வச்சிருக்கணும், செடிக்குப் பக்கத்துல ரெண்டாவது போர்வை போடணும்.

மார்கழி கடைசியில இருந்து மாசி நடு வரைக்கும், பின்னேரம் வானம் தெளிஞ்சு காத்து நின்னா 4 மணிக்கே திரையை இறக்குங்க. முனையில உள்ள அரைவட்டத்தையும் அந்த ராத்திரிக்கு மட்டும் மூடுங்க. நாத்துக்கும் சலாதுக்கும் மேல கம்பி வளைவு வச்சு சாக்கு, பழைய சேலை, என்ன கிடைக்குதோ போர்த்துங்க, துணி இலையில படாம. காலையில 8 மணிக்கு எல்லாத்தையும் திறந்திடணும், இல்லாட்டி ராத்திரி கோத்த ஈரம் இலையில நிக்கும்.

மானாப் புல்லால மூடாக்கு போட்டிருந்தா அந்த வாரங்கள்ல செடியடியில இருந்து ஒதுக்கி விடுங்க. ஈரமான வெறும் மண் பகல்ல சூட்டை வாங்கி ராத்திரி விடும், மூடாக்கு அதைத் தடுக்கும். அதே காரணத்துக்கு மண் காய்ஞ்சிருந்தா காலையிலயே தண்ணி விடுங்க. பெரல் ஒண்ணைக் கறுப்பு பெயின்ட் அடிச்சு உள்ளுக்கே வச்சா அதுவும் கொஞ்சம் உதவும்.

குளிர்ந்த காத்து தண்ணி மாதிரி சரிவுல இறங்கும். உங்க கீழ்ப்பக்கத்துல அடர்த்தியான வேலி இருந்தா அது அங்கயே தேங்கும், ஒரு இடத்துல வழி வெட்டி விடுங்க.

---

மானாப்புல் எழுதியது:

போர்வையை நம்பி தை மாதத்தில் தக்காளியைப் பூக்க விடாதீர்கள். இரவு 13 பாகைக்குக் கீழே போனாலே பூவின் மகரந்தம் சரியாக வேலை செய்யாது, செடி உயிரோடு இருந்தும் காய் பிடிப்பது குறையும். மார்கழிக் கடைசியில் விதை போட்டு, நாற்றை இரட்டைப் போர்வையில் வைத்து, மாசி தொடக்கத்தில் நட்டால் பூ பங்குனியில் வரும். அப்போது பகல் வெயிலும் இருக்கும், பெருமழைக்கு முன்பே முதல் கொத்துகள் காய்த்துவிடும். உள்ளே காற்று குறைவு என்பதால் 11 மணி அளவில் கொத்துக் கட்டிய கயிற்றை விரலால் தட்டிவிடுங்கள், மகரந்தம் உதிர அது போதும். குளிர் வாரங்களில் அந்தப் பாத்தியில் சலாது இருக்கட்டும்.

---

கான்வெட்டு எழுதியது:

வேலை ஒழுங்கையும் அதுக்கேத்த மாதிரி வைங்க. கானும் தூணும் இப்ப, கொங்கிரீட் ஒரு வாரம் இறுகட்டும், அப்புறம் சட்டம், குறுக்குக் கட்டை, பைப். பெயின்ட் காய ரெண்டு நாள் விடுங்க. பீலியைப் பொலித்தீனுக்கு முன்னாடி மாட்டிடுங்க, பிறகு மாட்டப் போனா ஏணி பட்டுக் கிழியும். கதவு காத்து வர்ற முனையில வேண்டாம், மறுமுனையில 3 அடி அகலத்துல வைங்க, சாக்கோட உள்ள போற அளவு. பொலித்தீனை சித்திரைக்குள்ள ஏத்திடணும். வைகாசிக் காத்து தொடங்கினதுக்கு அப்புறம் 34 அடி விரிப்பை நாலு பேர் சேர்ந்தாலும் பிடிக்க முடியாது.